அழுகை நான்கு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் நிலைக்களன்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுத்தார். துயருற்றார் எல்லார்க்கும் ஒரே ஆறுதல் மொழியைக் கூறுவது உலக வழக்கு. வகையறியாது கூறும் ஆறுதல் வெந்த புண்ணில் வேல் நுழைவது போலாதலும் உண்டு. ஆதலின் இந்நான்கையும் வேறு பிரித்துணர்தல் தகும்.

இழவு என்பது தாய் தந்தை முதலாய சுற்றத்தாரையும், நுகர்ந்து வந்த இன்பத்தையும் இழத்தல். இன்று அச்சொல் சாவு ஒன்றனையே குறித்து, வசைமொழியாகவும் தேய்ந்துவிட்டது. பழம்பொருள் விரிந்தது. பாரி மகளிர் பாடிய 112-ஆம் புறப்பாட்டில் தந்தையை இழந்த துயரும் பறம்பு மலையை இழந்த துயரும் ஒன்றாகவே நிற்கின்றன.

இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளியராதல். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானால் பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தான். தண்ணீர் கேட்டான், காவலர் காலந்தாழ்த்துக் கொடுத்தனர். அதனை உண்ணாது பாட்டொன்று கூறி உயிர்விட்டான் என்பது புறநானூற்றின் 74-ஆம் பாட்டின் அடிக்குறிப்பால் விளங்கும். அவனைக் கொன்றது நீர்வேட்கை அன்று. நெல்லைச் சீமையில் சாவு நிகழ்ந்த வீட்டுக்குத் துட்டி கேட்க ஊரே திரண்டு வரும். கடன் கொடுத்தவன் வாசலில் நின்று ஏசிவிட்டுப் போன வீட்டுக்கு எவர் வருகிறார்? அங்கும் அடுப்பு எரிவதில்லை. நால்வகை அழுகையுள் ஆறுதல் பெறாதது இதுவே. தொல்காப்பியர் இதனை முதற்கண் வைத்தமை கருதத்தக்கது.

அசைவு, பண்டை நிலை கெட்டுத் தளர்தல். தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243-ஆம் புறப்பாட்டை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நீர்த்துறை மருதமரத்தின் கிளையேறி ஆழ்மடுவில் குதித்து, அடியிலுள்ள மணலை அள்ளிவந்து காட்டிய இளமையை, கோலூன்றி இருமிக்கொண்டு முதியவர் நினைக்கிறார். இறந்தார் எவருமிலர், தம்மையே தாம் இழந்து நிற்கிறார். முதியோரைப் பேணுவோர் இதனை அறிதல் வேண்டும்.

வறுமை பொருளின்மை மட்டும் அன்று. நுகர வேண்டியது வாய்க்கப்பெறாத உள்ளத்தின் ஏக்கம் என்பது உரையாசிரியர் கருத்து. இழவுக்கு முன்பு ஒன்று இருந்திருத்தல் வேண்டும். வறுமைக்கு அதுவும் இல்லை. மகப்பேறின்றித் தொட்டில் கட்டி வேண்டுவாளிடம், 'போனதை நினையாதே' என்று கூறினால் அதற்குப் பொருளுண்டோ?

இனி, முடிவு தெரியாத இழவு ஒன்று உண்டு. ஆங்கிலேயரை எதிர்த்த நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் 1767-இல் சிறைப்பட்டுச் செல்லும் வழியில், சங்கரன்கோவில் திருக்கோயிலுள் வழிபடச் சென்று அங்கேயே மறைந்தார் என்பது வழிவழிச் செய்தி. கோயிலுள் ஓர் அறை அவர் பெயரால் இன்றும் காட்டப்படுகிறது. உடலைக் கண்டாரில்லை. இத்தகைய இழவு அரசர்க்கே உரியதன்று. 2009-இல் போர் முடிந்த ஈழத்தில், காணாமற்போன மக்களைத் தேடும் தாயர் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர்ந்து அறவழியில் போராடி வந்தனர். கடலிற் சென்று மீளாதவர் குடும்பத்தார் நிலையும் இதுவே. இறந்த திதி அறியப்படாதவர்க்கு மகாளய அமாவாசையில் கடன் ஆற்றலாம் என்பது முறை. எனினும், கடன் ஆற்றினால் சாவை ஒப்புக்கொண்டதாகும் என்று அஞ்சும் தாயை வற்புறுத்தலாகாது.

சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சந்நிதிமுன் சக்கரம் பதித்த சிறு பள்ளம் ஒன்றுண்டு. மனம் நொந்தோர் அதனுள் அமர்ந்து அம்பிகையை வேண்டுவர். அழைத்து வந்த உறவினர் அருகில் நின்று கண் கலங்குவதும் உண்டு. தான் அவலித்தல், பிறர் அவலங்கண்டு அவலித்தல் என இரண்டு கூறிய பேராசிரியர், பின்னதற்குக் கருணை என்று பெயரிட்டு, அதனையும் அழுகையுள்ளேயே அடக்கினார்.