மேட்டில் காடு, பள்ளத்தில் புல்: ஏன் இப்படி?

கேள்வி: நியூ மெக்சிகோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாயெஸ் கால்டெரா என்ற எரிமலைக் காப்பகத்துக்கு மான் பார்க்க அழைத்துப் போனார்கள். சுற்றிலும் மலைகளில் அடர்ந்த காடு. நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்வெளி. உயரே போகப் போகத்தான் மரம் குறையும் என்று பள்ளியில் படித்தேன். இங்கே தலைகீழாக இருக்கிறதே! பண்ணைக்காரர்கள் வெட்டித் தீர்த்திருப்பார்கள் என்கிறார் மருமகன். எரிமலை மண்ணில் மரம் வளராது என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?
– வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, உங்கள் வீட்டில் கலகம் மூட்டும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் இருவர் சொல்வதும் சரியில்லை. கேள்வி கேட்ட நீங்கள்தான் விடைக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். ‘தலைகீழ்’ என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது.

முதலில் மருமகனின் கட்சி. வாயெஸ் கால்டெரா நெடுங்காலம் தனியார் பண்ணையாக இருந்த இடம். 2000-ல்தான் அமெரிக்க அரசு அதை விலைக்கு வாங்கியது. இப்போது அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. பண்ணைக் காலத்தில் மரம் வெட்டியது உண்மை, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் வெட்டியது மலைச்சரிவுகளில். இன்று நீங்கள் ‘அடர்ந்த காடு’ என்று பார்த்ததில் பெரும்பகுதி, வெட்டிய பிறகு மறுபடி முளைத்து வந்தது. கோடாரி விழுந்த இடத்தில் காடு இருக்கிறது, விழாத இடத்தில் புல் இருக்கிறது என்றால் குற்றவாளி கோடாரி அல்ல.

மகளின் கட்சி இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும். ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பெரும் எரிமலை வெடித்தது. அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும், தாங்க ஆளில்லாத கூரை போல நிலம் உள்ளே இறங்கி, சுமார் 20 கிலோமீட்டர் அகலப் பள்ளமானது. இப்படி உண்டாகும் பள்ளத்துக்குத்தான் கால்டெரா என்று பெயர். சுற்றியுள்ள மலைகளும் எரிமலைப் பாறைதான். எரிமலை மண் மரத்துக்கு ஆகாது என்றால் அங்கேயும் ஒரு குச்சி நிற்கக்கூடாது.

‘ரொம்ப உயரம், அதனால்தான்’ என்று மூன்றாவதாக ஒருவர் கிளம்புவார். புல்வெளிகளில் பெரியதான வாயே கிராண்டே சுமார் 8,500 அடி உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலுள்ள ரெடோண்டோ சிகரம் 11,250 அடி. உயரம்தான் காரணம் என்றால் மரமில்லாமல் நிற்க வேண்டியது சிகரப் பக்கம்.

அப்படியானால் யார்தான் காரணம்? இரவு.

மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது; சரிவு வழியே மெல்ல இறங்கிப் பள்ளத்தில் சேர்கிறது. சுற்றிலும் மலை, ஓடைகள் வெளியேறும் ஒன்றிரண்டு குறுகிய வழிகளைத் தவிர அது போக்கிடமில்லாமல் தேங்கிவிடுகிறது. விடியும்போது பள்ளத்தில் கடுங்குளிர், நடுச்சரிவில் அதைவிடக் குறைவு. இதை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, கீழே அதிகம் குளிர்ந்து கிடப்பது. வாயே கிராண்டேயில் கோடையிலும் உறைநிலையைத் தொடும் இரவுகள் உண்டு.

வளர்ந்த பைன் மரத்துக்கு இந்தக் குளிர் பெரிய விஷயமில்லை. சிக்கல் குழந்தைப் பருவத்தில். குளிர்காற்று தரையை ஒட்டித்தான் மிக அடர்த்தியாகப் படியும். ஒரு சாண் உயரக் கன்று முழுவதுமாக அதில் மூழ்கிக் கிடக்கிறது. அது விறைத்திருக்கும் நேரத்தில், அந்த உயரத்துக்கே உரிய கூர்மையான காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. விறைத்த இலை அத்தனை ஒளியையும் உணவாக்க முடியாமல் பழுதாகிறது. இது ஒளித்தடை, அதாவது, தேவைக்கு மேல் வந்த ஒளியே ஒளிச்சேர்க்கையை முடக்குவது. புல்லுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் வளர்முனை தரைமட்டத்தில், பழைய தாள்களுக்குள் பத்திரமாக ஒளிந்திருக்கிறது.

நம் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் தாவரவியல் பூங்காவின் நாற்றுகளை மிலார் செடி போட்டு மூடிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்கும் பெரிய மரங்களை யாரும் மூடுவதில்லை. அதே கணக்குதான்.

மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. மகளுக்கு ஆறுதல் மதிப்பெண் தரலாம். வாயே கிராண்டே ஒரு காலத்தில் ஏரி. பின்னால் வந்த ஓர் எரிமலைக் குழம்பு ஓடையை மறித்ததால் தேங்கிய ஏரி அது. 2004-ல் இங்கே ஆழத் துளையிட்டு, 80 மீட்டர் அளவுக்கு ஏரிப்படிவத்தை எடுத்துப் பழைய பருவநிலையை ஆராய்ந்தார்கள். அந்த நுண்ணிய, ஈரம் கட்டும் வண்டலில் புல் வேர் நெருக்கமாகப் பின்னிவிடும். குளிருக்குத் தப்பிய கன்றும் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். முற்காலத்தில் அடிக்கடி பரவிய புல்தீயும் கன்றுகளை விட்டுவைக்கவில்லை. தீயை அணைக்கத் தொடங்கிய பிறகு காடு விளிம்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்வெளிக்குள் இறங்கியிருப்பதை, 1935-லிருந்து எடுத்த வான்படங்களை ஒப்பிட்டுக் கண்டிருக்கிறார்கள்.

இத்தனையும் படித்துவிட்டு ‘சாட்சி எங்கே?’ என்று மருமகன் கேட்பார். சாலையிலிருந்து பார்த்தால் புல்வெளிக்கு நடுவே கவிழ்த்த கிண்ணமாய் ஒரு சின்னக் குன்று தெரியும், செர்ரோ லா ஹாரா. அதன்மேல் மட்டும் மரங்கள்! குளிர்காற்று தேங்கும் மட்டத்துக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டலும் அதன்மேல் இல்லை, பாறைச் சரிவு. அதைச் சுற்றி வர இரண்டரை கிலோமீட்டருக்குள்தான், ஏற்றமும் கிடையாது. கன்னிசன் புல்வெளி நாய்களை – பெயர்தான் நாய். வளை தோண்டி வாழும் அணில் இனம் – அந்தப் பக்கம் பார்க்கலாம்.

நீங்கள் எல்க் மானைப் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. நண்பகலில் போயிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நம் கடமானையும் மிஞ்சும் உருவம் கொண்ட அந்த மான், பகலில் மர நிழலில் படுத்து அசைபோடும். மேய்ச்சலுக்குப் புல்வெளிக்கு வருவது விடியலிலும் அந்தியிலும். ஆகவே புல்லும் காடும் சந்திக்கும் அந்த விளிம்பில்தான் கண்ணை வைக்க வேண்டும். வெட்டவெளி தூரத்தை ஏமாற்றும். வெறுங்கண்ணுக்கு எறும்பு வரிசையாகத் தெரிவது மந்தையாக இருக்கும். பைனாகுலர் இல்லாமல் போவது வீண்.

அடுத்த முறை செப்டம்பரில் போங்கள். ஆண் எல்க்குகள் துணை தேடிக் குரல் கொடுக்கும் காலம் அது. ஜூலை, ஆகஸ்டில் போனால் நடையை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள், பிற்பகலில் இடி மின்னல் வரும், வெட்டவெளியில் நிற்பது ஆபத்து. அந்த உயரத்தில் மூச்சு வாங்கும், மெதுவாக நடந்து தண்ணீர் நிறையக் குடியுங்கள். எந்த மாதமானாலும் விடியலில் போவதாக இருந்தால் கம்பளிச் சட்டையை மறக்காதீர்கள், மருமகனுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.