சேர்ந்து விளையாடும் சிறு பிள்ளைகள்



ஞாயிறு பள்ளியில் விளையாட்டு நேரம் வந்ததும், அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளையைத் தாயின் மடியில் உட்கார வைத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஓடவும் குதிக்கவும் பழகவேண்டிய வயது மடியிலேயே கழிந்துபோகிறது.

1962-ல் அமெரிக்காவின் மேரிலாண்டில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அம்மையார் இப்பிள்ளைகளுக்காகத் தமது வீட்டுத் தோட்டத்தில் கோடை முகாம் நடத்தினார். அவருடைய அக்காள் ரோஸ்மேரிக்கும் இக்குறைபாடு இருந்தது. குறைபாடில்லாத வாலிபர்கள் அங்கே துணையாக நின்று விளையாடினார்கள். அதன் தொடர்ச்சியாக 1968-ல் சிகாகோவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பிறந்தது. அதில் போட்டியிட 8 வயது நிரம்பவேண்டும். ஆகவே 2 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கென்று 'யங் அத்லெட்ஸ்' என்ற திட்டம் பின்னர் ஏற்பட்டது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் இதில் ஒன்றாக ஓடி, குதித்து, பந்தை எறிந்து, பிடித்து, உதைத்துப் பழகுகிறார்கள்.

ஏன் ஒன்றாக? "குதி" என்ற சொல் புரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் குதிக்கிற பிள்ளையே விளக்கம். நாம் பத்து முறை சொல்வதைவிட அது சீக்கிரம் எட்டும்.

பந்துக்குப் பதில் பலூனில் தொடங்குங்கள். அது மெதுவாக இறங்குவதால் கண்ணும் கையும் சேர நேரம் கிடைக்கிறது. பலூனை எல்லாருக்கும் கொடுங்கள். ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால் அவன் மறுபடியும் தனியாகிவிடுவான். குதிக்கவேண்டிய இடத்தில் சாக்கட்டியால் பாதம் வரையுங்கள். ஒன்றைச் செய்யச் சொன்னபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவன் கையைப் பிடித்து நீங்களே எறிந்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கு இதுதான் மிகக் கடினம் என்று நினைக்கிறோம்! மற்றப் பிள்ளைகள் காத்திருக்கச் சீக்கிரமே பழகிக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிப்பு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு உண்டு. தசைகள் தளர்ந்திருக்கும், சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளின் பிணைப்பும் தளர்ந்திருக்கும். ஆகவே விளையாடத் தொடங்குமுன் டாக்டரிடம் காட்டுங்கள். குட்டிக்கரணம் வேண்டாம். கழுத்து வலித்தாலோ, தலை ஒருபக்கமாகச் சாய்ந்தே இருந்தாலோ, நன்றாக நடந்த பிள்ளை தடுமாறினாலோ, விளையாட்டை நிறுத்தி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.