நேரில் பெற்றுக்கொள்க

ஏலத்தை மலாய் மொழியில் ‘லெலோங்’ என்பர். இச்சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. நம்முடைய ‘ஏலம்’ என்னும் சொல்லுக்கும் அம்மொழியே மூலம் எனச் சொல்லாய்வாளர் கூறுவர். அக்காலத்தில் ஏலம் நடக்கும் இடத்திற்கே மக்கள் திரண்டு சென்றனர். பொருளைத் தொட்டுப் பார்த்தனர், விலை கேட்டனர். வென்றவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் தூக்கிச் சென்றார். அதை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்விக்கு அங்கு இடமே இல்லை.

இணையம் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது. 1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் தொடங்கிய ஏலத்தளமே பின்னாளில் ‘இபே’ எனப் பெயர் பெற்றது. பழுதான லேசர் சுட்டுக்கருவி ஒன்று அங்கு முதன்முதலாக 14.83 டாலருக்கு விற்பனையானது. அதைப் போன்ற சிறு பொருளை ஓர் உறையில் இட்டு உலகின் எந்த மூலைக்கும் அனுப்பிவிடலாம். கட்டிலையும் குளிர்பதனப் பெட்டியையும் அப்படி அனுப்ப முடியுமா? அதனால்தான் இத்தகைய பொருள்களை விற்பவர்கள் ‘நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்’ என்று நிபந்தனை இடுகின்றனர். ஆனாலும், ஏலம் முடிந்த பிறகு, “அஞ்சலில் அனுப்ப முடியுமா?” என்று கேட்போர் இருக்கத்தான் செய்கின்றனர்.

ஈப்போவில் ஒரு குடும்பம் வீடு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய அடுக்குமாடி வீட்டில் இடம் போதாததால், பாட்டி காலத்துத் தேக்குமர அலமாரியை இணைய ஏலத்தில் விடுகின்றனர். அதன் கதவுகள் கண்ணாடியால் ஆனவை. நேரில் வந்து பெற வேண்டும் என்பதை விளக்கத்தின் முதல் வரியிலேயே குறிப்பிடுகின்றனர். 50 ரிங்கிட்டில் தொடங்கிய ஏலம் 140 ரிங்கிட்டில் முடிகிறது. சற்று நேரத்தில் வென்றவரிடமிருந்து செய்தி வருகிறது: “நான் ஜொகூர் பாருவில் இருக்கிறேன். அஞ்சல் செலவு எவ்வளவு? கொடுத்துவிடுகிறேன்.”

செலவைத் தாமே ஏற்பதாக அவர் சொல்வது நியாயமாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, வரும் எண்ணைப் பெரும்பாலும் 5000ஆல் வகுக்கின்றன. இதற்குப் பரும எடை என்று பெயர். உண்மையான எடை, பரும எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 150 சென்டிமீட்டர் உயரமும் 80 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட அலமாரியின் பரும எடை 96 கிலோகிராம்! நிறுத்துப் பார்த்தால் அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். கண்ணாடிக் கதவுகளுக்குப் பஞ்சு மெத்தையும் மரச்சட்டமும் கொண்டு தனியாகப் பொதிய வேண்டும். வழியில் அவை உடைந்தால் பழி அனுப்பியவர் தலையில்தான் விழும். விற்பனையாளர் அஞ்சலுக்கு மறுப்பதைச் சோம்பல் என்று எண்ணுவோர் இந்த உழைப்பையும் இழப்பையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. நேரில் பெற வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டு ஏலத்தில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியவர்கள் எத்தனை பேர்? பினாங்கில் ஒருவர், குவாந்தானில் ஒருவர் என அந்த அலமாரியை விரும்பியவர்கள் இருந்திருக்கலாம். நம்மால் அங்குப் போக இயலாது என்று அவர்கள் பேசாமல் இருந்துவிட்டனர். அவர்களும் போட்டியிட்டிருந்தால் விலை 300 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கக்கூடும். போட்டி குறைந்ததால்தான் 140 ரிங்கிட்டில் அது முடிந்தது. நிபந்தனையை மதித்தவர்கள் வாய்ப்பை இழக்க, அதைப் பொருட்படுத்தாதவர் மட்டும் குறைந்த விலையையும் பெற்று, வீடு தேடிவரும் வசதியையும் பெறுவது எப்படி முறையாகும்? ஏலம் முடிந்தபின் நிபந்தனையைத் தளர்த்தும் விற்பனையாளர் ஒருவருக்கு உதவுகிறார். முகம் தெரியாத பலருக்கு அநீதி இழைக்கிறார்.

சட்டமும் ஏறக்குறைய இதே பக்கம்தான் நிற்கிறது. பொருளை விற்பவர் அனுப்ப வேண்டுமா, வாங்குபவர் வந்து எடுக்க வேண்டுமா என்பது அவர்களுடைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்றால், விற்பனையின்போது பொருள் எங்கு இருந்ததோ அங்கேயே ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது மலேசியாவின் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் பொதுவிதி. எதுவும் எழுதாதபோதே நிலைமை இதுவென்றால், தெளிவாக எழுதியபின் ஐயத்திற்கு இடமேது?

உரிமை இருக்கிறது என்பதற்காகக் கடுமையாகப் பேச வேண்டியதில்லை. “விளக்கத்தைப் படிக்கவில்லையா?” என்று தொடங்கும் பதில் சண்டையில்தான் முடியும். கேட்டவர் கைப்பேசியின் சிறு திரையில் படத்தை மட்டும் பார்த்து விலை கேட்டிருக்கலாம். தாமதிக்காமல், சுருக்கமாக, இப்படி எழுதலாம்:

“வணக்கம். ஏலத்தில் வென்றதற்கு வாழ்த்துகள். விளக்கத்தில் குறிப்பிட்டவாறு இந்த அலமாரியை ஈப்போவிற்கு வந்துதான் பெற்றுக்கொள்ள வேண்டும். எங்களால் அஞ்சலில் அனுப்ப இயலாது. நீங்கள் வர முடியாவிட்டால், உறவினரையோ லாரிக்காரரையோ அனுப்பலாம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு நாளைக் குறிப்பிடுங்கள்.”

இப்பதிலில் மறுப்பும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. நாள் குறிப்பதால் பேச்சு வாரக்கணக்கில் இழுபடாது. தளத்தின் செய்திப் பகுதியிலேயே இதை எழுதுவது நல்லது. பின்னால் புகார் எழுந்தால் அதுவே சான்று.

வாங்குபவர் தாமே லாரியை ஏற்பாடு செய்தால் விற்பனையாளர் தடுக்க வேண்டியதில்லை. அதில் மற்றவர்களுக்கு அநீதியும் இல்லை. அந்த வழி எல்லாருக்கும் திறந்தே இருந்தது. லாரி வாடகையை வாங்குபவர் நேரடியாக லாரிக்காரரிடம் கொடுக்க வேண்டும். பொருளை ஏற்றுமுன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்வதும், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வதும், ஏற்றியபின் சேதத்திற்குப் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே எழுதிவிடுவதும் பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

வாடகையை விற்பனையாளர் கைவழியாகக் கொடுக்க விரும்புவோரிடம் எச்சரிக்கை தேவை. “உங்களுக்கு 500 ரிங்கிட் அனுப்பிவிட்டேன். 140 உங்களுக்கு. மீதியை லாரிக்காரரின் கணக்கில் போட்டுவிடுங்கள்” என்று ஒருவர் பணம் செலுத்திய சீட்டின் படத்தையும் அனுப்புவார். சீட்டு போலியாக இருக்கும். லாரிக்காரரும் அவருடைய ஆளாகவே இருப்பார். விற்றவர் தம் பணத்திலிருந்து 360 ரிங்கிட்டை இழப்பார். “கூரியர் நிறுவனம் பணத்தை வைத்திருக்கிறது, இந்த இணைப்பில் உங்கள் வங்கி விவரத்தை நிரப்புங்கள்” என்பது இன்னொரு வகை. சீட்டின் படத்தை நம்பாமல், தம் வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும். ஐயத்திற்குரிய வங்கிக் கணக்கு எண்ணை அரச மலேசியக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சரிபார்க்கலாம். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழைக்க வேண்டும்.

ஏலம் முடியுமுன்னரே ஒருவர் கேட்டால் நிலைமை வேறு. நடக்க இயலாத முதியவர் ஒருவர் விற்பனைக்குள்ள தையல் இயந்திரத்தைக் கேட்கிறார் என்று கொள்வோம். அதை அனுப்ப விற்பனையாளருக்கு மனம் இருக்கிறது. அப்போது அவருக்கு மட்டும் தனியாகச் சம்மதம் சொல்லாமல், அஞ்சல் கட்டணத்தோடு அந்த வசதியை விளக்கத்தில் சேர்த்துவிட வேண்டும். ஏற்கெனவே விலை கேட்டவர்கள் இருந்தால், தளத்தின் விதி திருத்தத்திற்கு இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். வாங்க நினைப்பவர்களும் விலை கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை. ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும்.

சிலர் வருவதாகச் சொல்லிவிட்டு வராமலே இருப்பர். குறித்த நாள் கடந்தால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் தளத்தின் விதிப்படி விற்பனையை நீக்கிவிடலாம். பணம் பெற்றிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பிறகு, அடுத்த நிலையில் இருந்தவரிடம், அவர் கேட்ட அதே விலைக்குப் பொருளைப் பெற விருப்பமா என்று கேட்கலாம். அவர் பக்கத்து ஊர்க்காரராகவே இருக்கக்கூடும். அவருக்கும் வேண்டாமென்றால் பொருள் மீண்டும் ஏலத்திற்கு வரும். இம்முறை நிபந்தனையை விளக்கத்தில் மட்டுமன்றித் தலைப்பிலும் எழுதிவிடலாம்.