அம்மாவின் தட்டில் எவ்வளவு பருப்பு?

மூன்று வருடங்களுக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னது இதைத்தான்: "என்னதான் சைவமா இருந்தாலும் ஆட்டுக்கால் சூப் கொடுத்துப் பாரு. கீரையும் காயும் தின்னா தெம்பு எங்கிருந்து வரும்?"

எனக்குக் கோபம் வந்தது. "தினமும் சாம்பார் சாப்பிடறோம், அது போதாதா?" என்று கேட்டேன். இரண்டுமே தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு கேள்வி கேட்டார். "அம்மா ஒரு நாளைக்கு எத்தனை கிராம் பருப்பு சாப்பிடறாங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலை சமையலறைத் தராசை எடுத்தேன். நான்கு பேர் சாம்பாருக்கு நான் வேகவைக்கும் துவரம்பருப்பு 80 கிராம். 100 கிராம் பருப்பில் புரதம் ஏறக்குறைய 22 கிராம். ஆளுக்கு நாலரை கிராம்கூட வரவில்லை. அம்மாவின் எடை 50 கிலோ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம் என்றால் நாளைக்கு 41 கிராமுக்கு மேல் வேண்டும். வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை தேவை என்கிறார்கள் முதியோர் மருத்துவ வல்லுநர்கள்.

அந்த நாலரை கிராமாவது அம்மாவுக்குப் போனதா? அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவார். அடியில் தங்கிய பருப்பு எங்கள் தட்டுகளுக்கு வந்துவிடும். அவருக்கு மிஞ்சுவது தெளிந்த ரசமும் மோரும். நாற்பது வருடமாக இப்படித்தான். இதை எழுதும்போதும் எனக்கு மனசு வலிக்கிறது.

சைவத்தில் புரதம் இல்லை என்பது பொய். சாம்பார் ஊற்றிக்கொண்டாலே போதும் என்பதும் பொய். அளவுதான் விஷயம். அரிசியும் பருப்பும் ஒரே வேளையில் சேர்ந்தால்தான் முழுப் புரதம் என்பார்கள். 1971-இல் அமெரிக்காவில் வந்த ஒரு புத்தகத்தால் பரவிய எண்ணம் அது. எழுதிய பிரான்சிஸ் மூர் லாப்பேயே பத்து வருடத்தில் அதைத் திருத்திக்கொண்டார். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். ஒரே நாளுக்குள் இரண்டையும் சாப்பிட்டால் போதும்.

நாங்கள் மாற்றியது கொஞ்சம்தான். காலையில் இட்லிக்குப் பதில் வாரத்தில் நாலு நாள் பாசிப்பயறு தோசை அல்லது அடை. பதினோரு மணிக்கு ஒரு கைப்பிடி வேகவைத்த வேர்க்கடலை. வேகவைக்கும் முன் 30 கிராம் இருக்கும் கடலையில் 7 கிராம் புரதம். ஊறவைத்த ஆறு பாதாமில் ஒன்றரை கிராம்தான், விலையோ எங்கேயோ. மதியம் சாம்பாரோடு கெட்டியாகக் கடைந்த பருப்பு ஒரு கரண்டி. கொள்ளு ரசத்தை நம்பாதீர்கள், கொள்ளைக் கடைந்து சாப்பிடுங்கள். மாலையில் சுண்டல், இரவு தயிர். இதோடு அரிசியிலும் பாலிலும் கிடைப்பதைக் கூட்டினால் 50 கிராம் தாண்டுகிறது.

"வயசான வயித்துக்குப் பருப்பு வாய்வு" என்று அம்மாவே தட்டிக்கழித்தார். கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் விரலால் நசுங்கும்வரை வேகவைத்தேன். இஞ்சியும் பெருங்காயமும் கூடவே. முதல் வாரம் இரண்டு ஸ்பூன்தான் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவரே கிண்ணத்தை நீட்டினார்.

சோயாவில் செய்யும் மீல் மேக்கர் சாப்பிட்டால் ஆண்களுக்குப் பெண் தன்மை வரும் என்று என் மகன் பயந்தான். வழக்கமான அளவில் சாப்பிடும் சோயா ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பருப்பு, தானியம், காய், கீரை எதிலும் பி12 வைட்டமினை நம்பி இருக்க முடியாது. பால், தயிரையும் விட்டவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பருப்பைக் கூட்டக் கூடாது.

அம்மா இப்போது கைத்தடியோடு தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போய் வருகிறார்.

இன்று இரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார் என்று பாருங்கள். அவருக்கு ஒரு கரண்டி கெட்டிப் பருப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்.