பத்துமலையில் ஏன் அருவி இல்லை?

தைப்பூசத்தன்று பினாங்கில் பக்தர்கள் தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறுகிறார்கள். சிலாங்கூரில் பத்துமலையின் 272 படிகளை ஏறுகிறார்கள். இரண்டிலும் முருகன் கோயில். இரண்டிலும் மழைக்குக் குறைவில்லை. ஆனால் தண்ணீர்மலைக்குப் பக்கத்தில், தாவரவியல் பூங்காவுக்கு மேலே, இயற்கையான அருவி ஒன்று விழுகிறது. பத்துமலையின் செங்குத்துச் சுவரில் அப்படி ஓர் இயற்கை அருவி கிடையாது. குகைக்குள் நுழைந்த பிறகுதான் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் நம் தலையில் விழுகிறது.

பெய்த மழை எங்கே போயிற்று? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும். சுண்ணாம்புப் பாறை மலைகளில் நடைபாதை ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது, நடப்பவர் எதை எடுத்துச் செல்ல வேண்டும், எதைக் கீழே போடக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

இரண்டு பாறைகள், இரண்டு வழிகள்

தண்ணீர்மலையும் அதை அடுத்த கொடிமலையும் கிரானைட் என்னும் கருங்கல்லால் ஆனவை. பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் உண்டான பாறை இது. மழைநீர் இதை எளிதில் கரைப்பதில்லை. நெடுங்காலத்தில் இதன் மேற்பகுதி சிதைந்து மண்ணாகவும் களிமண்ணாகவும் மாறுகிறது. அந்த மண் நீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. அதனால் கொடிமலைச் சரிவுகளில் ஓடைகள் ஓடுகின்றன.

பத்துமலை சுண்ணாம்புப் பாறை. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த கடல் உயிரினங்களின் ஓடுகளும் எலும்புக்கூடுகளும் இறுகி இப்பாறை உருவானது. இதன் முக்கியப் பொருள் கால்சியம் கார்பனேட். முட்டை ஓட்டிலும் சிப்பியிலும் இருப்பது இதே பொருள்தான்.

மழைத்துளி காற்றில் உள்ள கரிவளியை, அதாவது கார்பன் டை ஆக்சைடை, சிறிதளவு கரைத்துக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் அங்கே கரிவளி இன்னும் அதிகம். அதையும் சேர்த்துக்கொண்ட நீர் வலிமை குறைந்த கார்பானிக் அமிலமாகிறது. நீரில் எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட்டை இந்த அமிலம் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. அது கரைந்து நீரோடு போய்விடுகிறது.

பாறையில் ஏற்கெனவே இருக்கும் விரிசலில் இந்த நீர் இறங்குகிறது. விரிசல் அகலமாகிறது. அகலமான விரிசலில் மேலும் நீர் இறங்குகிறது. பல்லாயிரம், பல இலட்சம் ஆண்டுகளில் விரிசல் குழாயாகிறது, குழாய் குகையாகிறது. மேலே பெய்யும் மழை சரிவில் ஓடாமல் நேரே மலைக்குள் இறங்கிவிடுகிறது. இத்தகைய நிலத்தைக் கார்ஸ்ட் நிலம் என்பார்கள்.

குகைக்குள் காற்றைத் தொட்ட நீர்த்துளி தன்னிடமுள்ள கரிவளியை வெளியே விடுகிறது. அப்போது கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடியும் படிகிறது. குகைக் கூரையில் தொங்கும் கூம்புகளும் தரையிலிருந்து எழும் தூண்களும் இப்படி வளர்ந்தவையே.

மூலு மலைப்பாதையில் ஒரு கணக்கு

இந்தப் பாடத்தை மலேசியாவில் மிகத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் சரவாக்கில் உள்ள குனோங் மூலு தேசியப் பூங்கா. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. இங்கே இருவகைப் பாறைகளும் அருகருகே நிற்கின்றன. 2,376 மீட்டர் உயரமுள்ள மூலு சிகரம் மணற்பாறை. அதன் பக்கத்திலுள்ள குனோங் அப்பி சுண்ணாம்புப் பாறை. அப்பியின் சரிவில் காட்டு மரங்களுக்கு மேலே, 45 மீட்டர் வரை உயரமான கூர்மையான கற்கள் ஈட்டிகளைப் போல நிற்கின்றன. அவற்றை ஊசிப்பாறைகள் என்று சொல்லலாம். விரிசல்களில் இறங்கிய மழைநீர் பாறையைக் கரைத்துக்கொண்டே போக, கரையாமல் எஞ்சிய பகுதிகளே இவை.

ஊசிப்பாறைகளைப் பார்க்கும் இடத்துக்கு 5ஆம் முகாமிலிருந்து செல்லும் பாதையின் நீளம் சுமார் 2.4 கிலோமீட்டர் மட்டுமே. "அரை மணி நேரத்தில் போய்விடலாமே!" என்று தோன்றுகிறதா? பாதை ஏறும் உயரம் சுமார் 1,200 மீட்டர். மூன்றாம் படிவத்தில் படித்த சைன் விகிதத்தைப் பயன்படுத்துங்கள். 1,200ஐ 2,400ஆல் வகுத்தால் 0.5. சராசரிச் சரிவுக் கோணம் 30 பாகை!

ஒப்பிட்டுப் பாருங்கள். தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் சாலை சுமார் 5 கிலோமீட்டர். ஏறும் உயரம் சுமார் 700 மீட்டர். விகிதம் 0.14. சராசரிக் கோணம் 8 பாகைதான். அதுவே நமக்கு மூச்சு வாங்க வைக்கிறது.

மூலு பாதை இவ்வளவு செங்குத்தாக இருப்பதற்கும் பாறைதான் காரணம். கருங்கல் மலையில் மேற்பரப்பில் ஓடும் ஓடைகள் சரிவை அரித்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்குகின்றன. சிதைந்த மண் சரிவை மென்மையாக்குகிறது. சுண்ணாம்பு மலையில் நீர் உள்ளே போய்விடுவதால் சுவர்கள் செங்குத்தாகவே நிற்கின்றன. பாறை கரைந்து போவதால் மண்ணும் அதிகம் மிஞ்சுவதில்லை. ஆகவே பாதையின் கடைசிப் பகுதியில் மண்தடம் கிடையாது. அங்கே கட்டப்பட்டுள்ள கயிறுகளைப் பிடித்தும், பத்துக்கும் மேற்பட்ட அலுமினிய ஏணிகளில் கால் வைத்தும் ஏற வேண்டும்.

பாதை விதிகளுக்குப் பின்னால் உள்ள அறிவியல்

தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மூலுவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஆனாலும் ஊசிப்பாறைப் பாதையில் நிரப்பிக்கொள்ள ஓர் ஓடை இல்லை. நம் ஊர்க் காட்டில் நடந்து பழகியவர் "போகிற வழியில் பிடித்துக்கொள்ளலாம்" என்று எண்ணினால் நாவறண்டு தவிப்பார்.

கையுறை அணிவது நல்லது. கரைந்த சுண்ணாம்புப் பாறையின் விளிம்பு கத்தியைப் போல் கூர்மையானது. தடுக்கி விழுந்தால் கையை ஊன்றும் இடமே காயத்தை உண்டாக்கும்.

தடத்தை விட்டு விலகக் கூடாது. இலைச்சருகு மூடிய தரைக்கு அடியில் ஆழமான விரிசல் இருக்கலாம், வெளியிலிருந்து தெரியாது.

மழை வலுத்தால் வழிகாட்டி திரும்பச் சொல்வார், மறுக்கக் கூடாது. நனைந்த பாறை வழுக்கும். குகைக்குள் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மலைமேல் பெய்த மழை விரிசல்கள் வழியாக விரைவாக இறங்கி, குகை ஆற்றின் மட்டத்தைத் திடீரென உயர்த்திவிடும்.

குப்பையை விட்டுவிட்டு வரக் கூடாது. இது எல்லா மலைகளுக்கும் பொருந்தும் என்றாலும் இங்கே இன்னொரு காரணம் உண்டு. மண்ணில் மெல்ல ஊறும் நீர் ஓரளவு வடிகட்டப்படுகிறது. அகன்ற விரிசலில் விழும் நீருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மேலே எறிந்த பொருளின் அழுக்கு வடிகட்டப்படாமலேயே குகை ஆற்றில் சேரும். மூலுவின் குகை நீர் கலக்கும் மெலினாவ் ஆற்றின் கரையில் பெனான் மக்களின் குடியிருப்பு இருக்கிறது.

குன்றே ஒரு தீவு

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவை நெருங்கும்போது சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்று செங்குத்துக் குன்றுகள் தெரிகின்றன அல்லவா? அவையும் சுண்ணாம்புக் குன்றுகளே. அங்கே நத்தைகளில் ஓர் அதிசயம் உண்டு. ஓடு கட்ட நத்தைக்குச் சுண்ணாம்பு வேண்டும். குன்றில் அது ஏராளம். குன்றுகளுக்கு இடைப்பட்ட சமவெளி மண்ணில் குறைவு. சில மில்லிமீட்டரே நீளமுள்ள நத்தையால் பக்கத்துக் குன்றுக்குப் போக முடியாது. எனவே கடல் நடுவே தீவில் அகப்பட்டதைப் போல ஒரே குன்றில் வாழ்ந்து, காலப்போக்கில் தனி இனமாகவே மாறிவிடுகிறது.

இதனால் ஒரு குன்று அழிந்தால் ஓர் இனமே அழியக்கூடும். பகாங்கில் புக்கிட் பஞ்சிங் என்ற குன்றில் மட்டும் வாழ்ந்தது பிளெக்டோஸ்டோமா சயாஃபிலம் என்ற சின்னஞ்சிறு நத்தை. கல்லுடைப்பால் அக்குன்று அழிந்தது. நத்தை இனமும் அற்றுப்போனது.

சுண்ணாம்புப் பாறை இல்லாமல் சிமெண்டு இல்லை. சிமெண்டு இல்லாமல் நம் வீடும் பள்ளியும் இல்லை. ஆகவே "ஒரு குன்றையும் தொடாதே" என்று சொல்லிவிட முடியாது. எந்தக் குன்றை உடைக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் முன், அதில் என்னென்ன வாழ்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். புக்கிட் பஞ்சிங் சொல்லும் பாடம் இதுதான்.

வீட்டில் செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வினிகர் ஊற்றுங்கள். ஒன்றில் முட்டை ஓட்டையும் மற்றொன்றில் சிறு கருங்கல் துண்டையும் போடுங்கள். ஓட்டின் மேல் குமிழிகள் எழும், அவை கரிவளி. கருங்கல்லில் குமிழி வராது. ஒரு நாள் கழித்து இரண்டையும் எடுத்துப் பாருங்கள். நிலவியலாளர்களும் சுண்ணாம்புப் பாறையை அடையாளம் காண நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. வெப்பமண்டலக் காடுகளில் சுண்ணாம்புப் பாறை விரைவாகக் கரைவதற்கு மண்ணிலுள்ள கரிவளி எவ்வாறு உதவுகிறது?

2. 3 கிலோமீட்டர் நீளமான பாதை 600 மீட்டர் ஏறுகிறது. சராசரிக் கோணம் என்ன? மூலு பாதையோடு ஒப்பிடுக.

3. ஒரு கிராமத்தின் குடிநீர் ஊற்று சுண்ணாம்புக் குன்றின் அடியில் உள்ளது. குன்றின் மேல் குப்பைமேடு அமைக்கலாமா? காரணத்தோடு விளக்குக.