குப்பியின் பெயரை மட்டும் நம்பாதே

அன்புள்ள தம்பி,

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கோழிக் கீமோகைன் பற்றி ஆய்வு தொடங்கியிருக்கிறாய் என்று கேட்டதும் மனம் நிறைந்தது. முட்டைக்குப் பேர்போன ஊரில் கோழியின் நோயெதிர்ப்பை ஆராயாமல் வேறெங்கே ஆராய்வது?

பிரேதப் பரிசோதனை மேசையிலிருந்தே தொடங்கு. ஈ.கோலை தாக்கிய கோழியின் காற்றுப்பைகளில் கசடு கட்டித் தயிர்போலத் திரண்டு கிடக்கும். மாட்டின் சீழ்போல ஒழுகாது. கோழிக்கு நியூட்ரோபில் என்ற வெள்ளணு கிடையாது, அந்த இடத்தில் ஹெட்டிரோபில். அதில் மைலோபெராக்சிடேஸ் நொதி இல்லை. சீழ் நீர்க்காமல் இறுகுவதற்கு இதையே முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். இந்த அணுக்களை ரத்தத்திலிருந்து நோய்ப்பட்ட இடத்துக்கு அழைத்து வருபவை கீமோகைன்கள். மனிதரின் ஐஎல்-8 என்ற கீமோகைனுக்கு ஈடாகக் கோழியில் இரண்டு உண்டு; உன் கையிலுள்ள குப்பியில் எது இருக்கிறது என்று முதலில் பார்.

பாக்டீரியாவில் வளர்த்தெடுத்த புரதமென்றால் அதன் தொடக்க முனையைக் கட்டாயம் விசாரி. கீமோகைனின் உயிர்நாடி அங்கேதான். ஜெனீவாவில் அமாண்டா பிரௌட்ஃபுட் குழுவினர் ஈ.கோலையில் தயாரித்த ரான்டெஸ் என்ற கீமோகைனின் முனையில் மெத்தியோனின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் வெட்டப்படாமல் தங்கிவிட்டது. அந்தப் புரதம் அணுவின் ஏற்பியில் போய் உட்கார்ந்தது. ஆனால் அணுவை நகரச் சொல்லவில்லை. அழைக்க வேண்டிய புரதம் தடுக்கும் புரதமாகிவிட்டது! 1996இல் வெளியான இந்த ஆய்வை ஊன்றிப் படி. ஜெல்லில் ஒற்றைப் பட்டை பளிச்சென்று தெரிந்தாலும் புரதம் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை.

பாக்டீரியாவிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சின் அளவையும் கேள். அது கலந்திருந்தால் மேக்ரோபேஜ்கள் தாமே கீமோகைனைச் சுரக்கும். நீ அளப்பது எதையென்றே தெரியாது.

குப்பியிலுள்ள புரதத்தின் உலர்பொடி கண்ணுக்கே தெரியாது, மூடியில் ஒட்டியிருக்கும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிவிட்டுத் திற. கரைத்ததை வோர்டெக்ஸில் போட்டு நுரைக்க விடாதே. நீர்த்த கரைசலில் புரதம் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிப்போகும், 0.1 சதவீத பிஎஸ்ஏ சேர். ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வை, உருகியதை மறுபடி உறைய வைக்காதே. கோடையில் கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கு.

அணுக்களின் நகர்வை அளக்கும் போய்டன் அறையில் ஒரே செறிவோடு நிறுத்தாதே. செறிவு ஏற ஏற நகர்வும் ஏறி, ஓர் எல்லைக்கு மேல் இறங்கிவிடும். அதிகமாக ஊற்றிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதியவர்கள் உண்டு. மேல் அறையிலும் கீழ் அறையிலும் சம அளவு புரதம் வைத்தும் ஒருமுறை பார். அப்போதும் அதே அளவு நகர்ந்தால் அணுக்கள் திசை பிடித்து வரவில்லை, வெறுமனே அலைகின்றன. அந்த எண்களையும் சேர்த்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்