பிஎஸ் 5-க்கு எந்த டிவி?

கேள்வி: பையனுக்கு பிளேஸ்டேஷன் 5 வாங்கியாச்சு. திருச்சியில் ஏறி இறங்கிய கடையிலெல்லாம் ‘120 ஹெர்ட்ஸ்’ என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ‘மோஷன் ரேட் 120’ என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பாதீர்கள் அம்மா. பேனல் பெரும்பாலும் 60-தான். ‘நேட்டிவ் 120’ வேண்டும். கூடவே ஹெச்டிஎம்ஐ 2.1. அதுவும் பல டிவிகளில் ஒன்றிரண்டு போர்ட்டில் மட்டுமே. வெட்கப்படாமல் டிவியின் முதுகைத் திருப்பி, போர்ட் அருகே ‘4கே 120’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். சவுண்ட்பாருக்கான ஈஆர்க்கும் அதே போர்ட்டில் என்றால் பிஎஸ் 5-உம் சவுண்ட்பாரும் அதற்காக மல்லுக்கு நிற்கும்.

வீட்டில் ‘கேம் மோடு’ போடுங்கள். இல்லாவிட்டால் பட்டனை அழுத்திச் சற்றுக் கழித்தே ஆள் குதிப்பான். உங்கள் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி வீடுகளைப் போல ஒடுங்கிய கூடம் என்றால் 55 அங்குலம் தாராளம்.

ஒன்று சொல்கிறேன்: பெரும்பாலான கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேமைத் தாண்டுவதில்லை. பட்ஜெட் இடித்தால் நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவியே போதும், பையன் முறைத்தாலும்.